தொண்டைப் புற்றுநோய்க்கு டார்கெட்டட் ஊசியா, பழைய கீமோவா: நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தது

நோய் தெரிந்தபோது என் மாமாவுக்கு 67 வயது. குமாரபாளையத்தில் நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டினவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம், "முழுங்கினா காதுக்குள்ள குத்துது மாப்ள" என்றார். காது டாக்டரிடம் போனோம், காது நன்றாக இருக்கிறது, தொண்டையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். குரல்வளைக்குப் பக்கத்தில், தொண்டையின் அடிப்பகுதியில் கட்டி. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று வந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

முப்பத்தைந்து நாள் கரண்ட் வைக்கவேண்டும், கூடவே கீமோ என்றார்கள். (ரேடியேஷனை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வோம், டாக்டரே அப்படித்தான் சொன்னார்.) வழக்கமாகக் கூடக் கொடுக்கும் மருந்து சிஸ்பிளாட்டின். ஆனால் அது சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும். மாமாவுக்குக் கிரியேட்டினின் ஏற்கெனவே கொஞ்சம் கூட. காது டெஸ்ட் எடுத்ததில், நாற்பது வருஷத் தறிச் சத்தம் மேல்சுருதி மொத்தத்தையும் தின்றுவிட்டிருந்தது. ஆகவே சிஸ்பிளாட்டின் கிடையாது. டாக்டர் பழைய சீட்டு ஒன்றைத் திருப்பி அதன் முதுகில் மூன்று பெயர் எழுதிக் கொடுத்தார்: செட்டுக்சிமாப், நிமோடுசுமாப், டோசிடாக்சல். "வீட்ல பேசிட்டு திங்கக்கிழமை வாங்க."

அன்று வியாழன். வீட்டில் யாருக்கும் இந்தப் பெயர்களை ஒழுங்காக உச்சரிக்கக்கூட வரவில்லை. மாமாவின் மகன், என் மச்சான், துபாயில் இருக்கிறான். ராத்திரியே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டான். "காசைப் பத்தி யோசிக்காதே, முதல் ரெண்டும் டார்கெட்டட், நல்ல செல்லைத் தொடாது, அதையே போடச் சொல்லு." அந்த ஒரு வரியிலிருந்துதான் நான் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எஸ்டிமேட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில், அந்தப் புத்தியோடுதான் இதையும் பார்த்தேன். இதே மாதிரி ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் நோயாளியின் உடம்பு உங்கள் டாக்டருக்குத்தான் தெரியும் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

"நல்ல செல்லைத் தொடாது"

முதலில் இதை உடைத்துவிடலாம். செல்லின் மேல்புறத்தில் ஈஜிஎஃப்ஆர் என்று ஒரு புரதம் உண்டு. வளரச் சொல்லும் சமிக்ஞை அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இது அளவுக்கு மீறி முளைத்திருக்கும். செட்டுக்சிமாபும் நிமோடுசுமாபும் இந்தப் புரதத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு சமிக்ஞையை மறிக்கும் ஆன்டிபாடிகள். சரி, ஆனால் இதே ஈஜிஎஃப்ஆர் நம் தோலிலும் குடலிலும் இருக்கிறதே. அதனால்தான் செட்டுக்சிமாப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு முகம், மார்பு, முதுகு எல்லாம் பரு பருவாகப் பொரிந்துவிடுகிறது. மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற பேதம் தெரியாது. ஈஜிஎஃப்ஆர் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டும், அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பம், எங்கள் வீட்டிலேயே நடந்தது. தூரத்துச் சொந்தத்தில் ஓர் அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். ஜெஃபிடினிப் மாத்திரை, தினம் ஒன்று, மூன்று வருஷமாக நடமாடிக்கொண்டிருக்கிறார். "அதுவும் ஈஜிஎஃப்ஆர்தானே, மாமாவுக்கும் அந்த மாத்திரையே போதுமே" என்றார்கள். நியாயமான கேள்விதான். நுரையீரலில் சிலருக்கு ஈஜிஎஃப்ஆர் ஜீனிலேயே மாற்றம் வந்திருக்கும், மாத்திரை அந்த மாற்றத்தைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. தொண்டையிலும் வாயிலும் புரதம் அதிகமாக இருக்கும், ஆனால் அந்த ஜீன் மாற்றம் அபூர்வம். நோய் திரும்பிய தலை, கழுத்து நோயாளிகளிடம் ஜெஃபிடினிபை மெத்தோட்ரெக்சேட் என்ற பழைய கீமோவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஆயுள் கூடவில்லை. அஃபாடினிப் என்ற இன்னோர் ஈஜிஎஃப்ஆர் மாத்திரையையும் அதே மெத்தோட்ரெக்சேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோய் மறுபடி வளர எடுத்துக்கொண்ட காலம் 1.7 மாதத்திலிருந்து 2.6 மாதமானது, ஆயுளில் வித்தியாசமில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தை ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சிஸ்பிளாட்டின் தாங்கும் உடம்பு என்றால்

இந்தப் பகுதி மாமாவுக்குப் பொருந்தாது, ஆனால் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பொருந்தும். சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அதற்குப் பதிலாக செட்டுக்சிமாப் கேட்காதீர்கள். இதை இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம் 2018-ல் வெளியான இரண்டு ட்ரயல்கள், அதாவது நோயாளிகளைப் பிரித்து மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள். எச்பிவி வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய், அதாவது குணமாக நல்ல வாய்ப்புள்ள வகை; அவர்களுக்குப் பக்கவிளைவைக் குறைக்கலாமே என்ற நல்லெண்ணத்தில் சிஸ்பிளாட்டினை எடுத்துவிட்டு செட்டுக்சிமாப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்க ட்ரயலில் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் சிஸ்பிளாட்டினில் 84.6 சதவீதம், செட்டுக்சிமாபில் 77.9. ஐரோப்பிய ட்ரயலில் இரண்டு வருஷக் கணக்கு, 97.5-க்கு 89.4. பக்கவிளைவாவது பெரிதாகக் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை, வேறு வேறு தொந்தரவுகள், மொத்தச் சுமை ஏறக்குறைய ஒன்றுதான். விலை பல மடங்கு கூட, பலன் கம்மி.

இரண்டையும் சேர்த்தே போட்டால்? அதையும் பெரிய அளவில் பார்த்துவிட்டார்கள்; சிஸ்பிளாட்டின், கரண்ட் இரண்டோடும் செட்டுக்சிமாபைச் சேர்த்ததில் கூடுதல் பலன் எதுவும் வரவில்லை, தோலும் வாயும்தான் கூடுதலாகப் புண்ணாயின.

செட்டுக்சிமாப்

மச்சான் அனுப்பிய பிடிஎஃப்பில் ஒரு வரைபடம் இருந்தது. 2006-ல் வெளியான புகழ்பெற்ற ட்ரயல், 424 பேர். பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம் (மீடியன் என்பார்கள்) 29.3 மாதத்திலிருந்து 49 மாதம். பார்த்தவுடனே நானும் விழுந்துவிட்டேன். இருபது மாதம் என்றால் சும்மாவா.

சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து அதை மறுபடி படித்தேன். கணக்கு எழுதுகிறவன் முதலில் கேட்கிற கேள்வி, "எதோடு ஒப்பிட்டு?" 49 மாதம் என்பது கரண்டும் செட்டுக்சிமாபும். 29.3 மாதம் என்பது வெறும் கரண்ட். சிஸ்பிளாட்டினோடும் ஒப்பிடவில்லை, வேறு எந்த மருந்தோடும் ஒப்பிடவில்லை. ஆக "செட்டுக்சிமாப் சும்மா கரண்டைவிட நல்லது" என்பதுதான் அந்த வரைபடம் சொல்வது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அப்புறம், அந்த 424 பேரில் வாய்ப் புற்றுநோய்க்காரர்கள் யாரும் கிடையாது. தொண்டையின் நடுப்பகுதி, அடிப்பகுதி, குரல்வளை, இந்த மூன்று இடம் மட்டும்தான். நம் ஊரில் புகையிலையும் பாக்கும் அடக்கி அடக்கிக் கன்னத்தில் வருகிறதே, அதற்கு இந்தப் படத்தைக் காட்டி யாராவது ஊசி போடச் சொன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

மாமாவுக்கு வந்த இடம் ட்ரயலில் இருந்தது. ஆனால் உட்பிரிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது பலன் அதிகமாகத் தெரிந்தது நடுத்தொண்டையில் வந்தவர்கள், 65 வயதுக்குள் இருப்பவர்கள், உடம்பு நன்றாகத் தெம்பாக இருந்தவர்கள், இவர்களிடம்தான். மாமா மூன்றிலும் இல்லை. உட்பிரிவுக் கணக்கை வைத்து ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்று டாக்டர் சொன்னார், சரிதான். ஆனால் லட்சக்கணக்கில் எடுத்து வைக்கும்போது அது கண்ணில் படாமலும் இருக்காது.

செலவுக் கணக்கு எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் இதை உட்கார வைத்துச் சொல்வதில்லை. டோஸ் உடம்பின் பரப்பளவை வைத்து. மாமா ஒல்லி, ஒன்றரைச் சதுர மீட்டர். கரண்ட் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே முதல் ஊசி, சதுர மீட்டருக்கு 400 மி.கி., ஆக 600. அதற்கப்புறம் வாரம் 250 வீதம் 375. குப்பி 100 மி.கி. என்றால் முதல் நாள் ஆறு, அப்புறம் வாரம் நாலு, ஏழு வாரம்: மொத்தம் 34 குப்பி. எஸ்டிமேட் தாளில் ஒரு குப்பியின் விலையைப் பார்த்து "பரவாயில்லையே" என்று மூச்சு விட்டவர்கள் 34-ஆல் பெருக்கிவிட்டு மறுபடி பாருங்கள். இந்தியாவிலேயே தயாரான பயோசிமிலரும் (அதே மாதிரி செய்த மாற்று மருந்து) இருக்கிறது, அதன் விலையையும் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையில் கரண்டுக்கும் வழக்கமான கீமோவுக்கும் வழி இருக்கிறது. இந்த ஊசிக்கு உண்டா, எவ்வளவு வரை என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம்.

பக்கவிளைவில் மூன்று விஷயம். முதல் ஊசியின்போது சிலருக்கு அலர்ஜி கடுமையாக வரும், பிபி விழும், மூச்சு முட்டும்; ஊசி முடிந்தும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பது அதற்காக. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இது ரொம்ப அதிகமாக வந்து, ஏன் என்று தோண்டினால், அங்கே உண்ணி கடித்தவர்களின் ரத்தத்தில் ஆல்ஃபா-கேல் என்ற ஒரு சர்க்கரைக்கு எதிர்ப்பு ஏற்கெனவே உருவாகியிருந்திருக்கிறது, அதே சர்க்கரை இந்த மருந்திலும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உண்ணிக்கும் கேன்சர் ஊசிக்கும் முடிச்சு! இரண்டாவது, அந்தப் பரு. அது முகப்பரு இல்லை, ஆகவே முகப்பரு களிம்பைப் பூசி உலர்த்திவிடாதீர்கள். மாய்ஸ்சுரைசர், வெயிலில் போகாமல் இருப்பது, டாக்டர் எழுதினால் டாக்சிசைக்ளின், இவைதான் மருந்து. வேடிக்கை என்னவென்றால் பரு நன்றாக வந்தவர்கள்தான் அந்த ட்ரயலில் அதிக காலம் இருந்தார்கள். மூன்றாவது மெக்னீசியம் இறங்குவது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அது விட்டுப்போகாமல் பாருங்கள்.

நிமோடுசுமாப்

இது கியூபாவில், ஹவானாவில் உருவான மருந்து. இந்தியாவில் பயோகான் 2006-லேயே கொண்டுவந்தது. செட்டுக்சிமாபுக்கு அண்ணன் தம்பி முறை, ஆனால் சாது. ஈஜிஎஃப்ஆர் ரொம்ப அடர்த்தியாக இருக்கும் செல்லில்தான் நன்றாக ஒட்டும் என்பதால் தோலை அவ்வளவாகத் தொடுவதில்லை, மெக்னீசியமும் அப்படி இறங்குவதில்லை. டோஸ் எல்லோருக்கும் வாரம் 200 மி.கி., எடை பார்ப்பதில்லை.

இதற்கு நல்ல ஆதாரம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மும்பை டாடா மெமோரியலில் 536 பேர்; எல்லோருக்கும் கரண்டும் வாரம் ஒரு சிஸ்பிளாட்டினும், பாதிப் பேருக்கு நிமோடுசுமாப் கூடுதலாக. 2019-ல் வெளியிட்டார்கள். நோய் திரும்புவது நன்றாகவே குறைந்தது. ஆயுள் கொஞ்சம் கூடிய மாதிரி தெரிந்தாலும் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவில்தான். வாய்ப்புண் கூடுதல்.

இங்கேயும் அதே கேள்விதான், எதோடு ஒப்பிட்டு? அந்த ட்ரயலில் சிஸ்பிளாட்டின் வாரம் சதுர மீட்டருக்கு 30 மி.கி. அதே டாடா மெமோரியல் அதற்கு முந்தின வருஷம் இன்னொரு ட்ரயலை வெளியிட்டிருந்தது: வாரம் 30 மி.கி.யா, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மி.கி.யா என்று. இரண்டு வருஷத்தில் நோய் அதே இடத்தில் கட்டுக்குள் இருந்தது 58.5-க்கு 73.1 சதவீதம், 100 மி.கி. ஜெயித்தது. அவர்கள் பெரும்பாலும் அறுவைக்கு அப்புறம் கரண்ட் வைத்தவர்கள், நிமோடுசுமாப் ட்ரயலில் இருந்தவர்கள் அறுவை இல்லாமல் நேரே கரண்டுக்குப் போனவர்கள், ஆகவே நேருக்கு நேர் வைக்க முடியாது. இருந்தாலும் எனக்கு உறுத்தியது. முழு டோஸ் சிஸ்பிளாட்டின் தாங்குகிறவருக்கு, முதலில் அதை முழுசாகக் கொடுப்பதா, டோஸைக் குறைத்துவிட்டு மேலே ஒரு விலையுயர்ந்த ஊசியை வைப்பதா?

மாமாவுக்கோ சிஸ்பிளாட்டினே கிடையாது. நிமோடுசுமாப், கரண்ட் இரண்டு மட்டும் என்ற சேர்க்கைக்குக் கிடைப்பது சின்னச் சின்ன ட்ரயல்கள். 92 பேரை நாலாகப் பிரித்த ஓர் இந்திய ட்ரயல் அடிக்கடி காட்டப்படுகிறது, பிரிவுக்கு 23 பேர். 23 பேரை வைத்து நான் மாமாவுக்கு முடிவெடுக்க மாட்டேன். இந்தப் பெயரை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அடித்துவிட்டேன்.

டோசிடாக்சல்

டார்கெட்டட் இல்லை. பழைய கீமோ. மச்சானுக்குப் பிடிக்காத பெயர்.

ஆனால் கேள்வி மாமாவுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது: சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாதவர்களுக்குக் கரண்டோடு சேர்த்துச் சிறிய டோஸ் டோசிடாக்சல் கொடுத்தால் என்ன ஆகும்? மறுபடி டாடா மெமோரியல், 356 பேர், முடிவு 2023-ல் அச்சானது. சதுர மீட்டருக்கு 15 மி.கி., வாரம் ஒன்று, அதிகபட்சம் ஏழு. இரண்டு வருஷத்தில் நோயில்லாமல் இருந்தவர்கள் 30.3 சதவீதத்திலிருந்து 42 ஆனது; உயிரோடு இருந்தவர்கள் 41.7-லிருந்து 50.8. இதுவும் வெறும் கரண்டோடு ஒப்பிட்டதுதான். ஆக செட்டுக்சிமாப், டோசிடாக்சல் இரண்டும் தனித்தனியாக ஒரே ஆளை ஜெயித்திருக்கின்றன; தங்களுக்குள் மோதவில்லை. ஆனால் 2006 ட்ரயலில் இருந்தவர்கள் "சிஸ்பிளாட்டின் ஆகாது" என்று ஒதுக்கப்பட்டவர்கள் இல்லை, டாடா ட்ரயலில் இருந்தவர்கள் மொத்தமும் அப்படி ஒதுக்கப்பட்டவர்கள். மாமா மாதிரி ஆட்கள்.

விலை? ஏழு வாரத்துக்கும் சேர்த்து ஆயிரங்களில் முடிந்துவிடும். செட்டுக்சிமாப் லட்சங்களில்.

கொடுக்கவேண்டிய விலை வாயில். கடுமையான வாய்ப்புண் வெறும் கரண்டில் 22 சதவீதம், டோசிடாக்சலோடு சேர்த்தால் ஏறக்குறைய 50. இதை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார், அத்தையையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "அந்த வெல கூடின ஊசி போட்டா கரண்ட் கம்மியா வெச்சாப் போதுமா கண்ணு?" என்று அத்தை கேட்டாள் என்னிடம். இல்லை, எந்த ஊசி போட்டாலும் முப்பத்தைந்து நாள் முப்பத்தைந்து நாள்தான்.

திங்கட்கிழமை மச்சான் போனிலேயே இருந்தான். "காசு நான் தர்றேன்ங்கிறேன், அப்புறம் எதுக்கு மலிவானதைப் போடறீங்க?" அவன் கோபம் எனக்குப் புரிகிறது, தூரத்தில் இருப்பவனுக்குப் பணம் ஒன்றுதான் கையில் இருக்கிறது. நான் சொன்னது இதுதான்: 34 குப்பிப் பணத்தை வைத்திரு, நோய் திரும்பினால் வேறு ஊசிக்கு வேண்டியிருக்கும். டோசிடாக்சல் போட்டோம். நாலாவது வாரம் வாய் முழுக்க வெந்து, ஐந்தாவது வாரம் மூக்கு வழியாக டியூப் போட்டு, ராகிக் கஞ்சியும் மோரும் பால்பவுடரும் அதிலேதான். 52 கிலோ 46 ஆனது. ஏழில் ஆறு டோஸ் போனது.

யாருக்கு நான் செட்டுக்சிமாபைத் தேர்ந்தெடுப்பேன்? சர்க்கரை நோயால் கால் ஏற்கெனவே மரத்துப்போனவர், டோசிடாக்சல் அதை இன்னும் மோசமாக்கும். நடுத்தொண்டையில் நோய் உள்ள ஐம்பது வயதுக்காரர், சிஸ்பிளாட்டின் ஆகாது, இன்ஷூரன்ஸ் கொடுக்கிறது என்றால், தயங்காமல் கேட்பேன். நிலத்தை விற்றுப் போடலாமா என்று கேட்டால், வேண்டாம். "இம்யூனோ (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) கொடுத்துப் பார்க்கலாமா" என்று கேட்கிறவர்களுக்கு: சிஸ்பிளாட்டின் ஆகாதவர்களிடம் கரண்டோடு டுர்வலுமாப் என்ற இம்யூனோ ஊசியையும் செட்டுக்சிமாபையும் நேராக மோதவிட்டார்கள், இரண்டு வருஷத்தில் நோய் வளராமல் இருந்தவர்கள் டுர்வலுமாபில் 50.6 சதவீதம், செட்டுக்சிமாபில் 63.7. புதுசு என்பதற்காக ஜெயிக்காது. அறுவை செய்யக்கூடிய நோய்க்கு மட்டும் கதை வேறு, அங்கே பெம்ப்ரோலிசுமாப் என்ற இன்னோர் இம்யூனோ ஊசியை அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுப்பதற்கு அமெரிக்காவில் 2025 ஜூனில் அனுமதி வந்துவிட்டது. வாய்ப் புற்றுநோய்க்காரர்கள் அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

திரும்பி வந்தபோது

பதினாலு மாதம் நன்றாக இருந்தார். ஒரு மார்கழிக் காலையில் சவரம் செய்யும்போது கழுத்தில் கட்டி தட்டுப்பட்டது. அறுவைக்கு இடமில்லை, மறுபடி கரண்டும் முடியாது. இனி குணமாக்குவது என்ற பேச்சு இல்லை, நாளைக் கூட்டுவதும் வலியைக் குறைப்பதும்தான். இங்கே ஒப்பீட்டின் அளவுகோலே மாறிவிடுகிறது, ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாள் அலையவேண்டும் என்பதும் ஒரு பக்கவிளைவுதான்.

புத்தகத்தில் உள்ள டார்கெட்டட் வழி, பிளாட்டினமும் (சிஸ்பிளாட்டின் வகை மருந்து) ஃப்ளூரோயுராசில் என்ற கீமோவும் செட்டுக்சிமாபும் சேர்ந்தது. 2008-ல் வெளியான ட்ரயலில் 7.4 மாத ஆயுளை 10.1 ஆக்கியது. கீமோ ஆறு சுற்றோடு முடியும், செட்டுக்சிமாப் மட்டும் நோய் வளரும்வரை வாராவாரம் போகும். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு 500 மி.கி. என்றும் கொடுக்கலாம், வாராவாரம் பஸ் ஏறுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். 2019-க்கு அப்புறம் பெம்ப்ரோலிசுமாப் முதல் வரிசைக்கு வந்துவிட்டது, கட்டியில் பிடிஎல்1 என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டு. அது 20-ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு ஆயுள் 14.9 மாதம், செட்டுக்சிமாப் கூட்டணிக்கு 10.7.

மாமாவுக்கு பிளாட்டினம் இப்போதும் ஆகாது. பெம்ப்ரோலிசுமாப் முழு டோஸ், மச்சானின் 34 குப்பிப் பணம் அதற்கு ரொம்ப நாள் தாங்காது. நாங்கள் எடுத்தது மூன்றாவது வழி. மூன்று மாத்திரை: வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், தினம் இரண்டு வேளை செலிகாக்சிப் என்ற வலி மாத்திரை, தினம் ஒன்று எர்லோடினிப். எர்லோடினிப் டார்கெட்டட்தான், ஈஜிஎஃப்ஆர் மாத்திரை. கடைசியில் அதுவும் எங்கள் வீட்டுக்குள் வந்தது, ஆனால் தனியாக இல்லை, கூட்டத்தோடு. அதோடு நிவோலுமாப் என்ற இம்யூனோ ஊசி, வழக்கமான 240 மி.கி. இல்லை, வெறும் 20. இரண்டு வாரத்துக்குப் பதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஆறு வாரக் கணக்கில் 720-க்கு 40, பதினெட்டில் ஒரு பங்கு. முதலில் கேட்டபோது ஏழைக்குக் கொடுக்கிற தண்ணீர்ப்பால் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது உண்மை. ஆனால் டாடா மெமோரியலின் 151 பேர் ட்ரயலில், மூன்று மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் 16.3 சதவீதம், 20 மி.கி. சேர்த்தவர்களில் 43.4. எதோடு ஒப்பிட்டு? மாத்திரையோடு; முழு டோஸோடு இல்லை. ஒரே ஆஸ்பத்திரியில் நடந்தது. தெரிந்துதான் எடுத்தோம்.

மாத்திரை என்றால் சுலபம் என்று நினைக்காதீர்கள், ஊசி தப்பாகப் போகாமல் பார்க்க நர்ஸ் இருக்கிறார், மாத்திரைக்கு நாம்தான். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள். மாமாவுக்கு ஞாயிறு, ஐந்து சின்ன மாத்திரை. இதைத் தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அத்தை அந்த அட்டையைத் தனியாக ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பா மேல் "ஞாயிறு மட்டும்" என்று காலண்டர் எழுத்தை வெட்டி ஒட்டி, சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். எர்லோடினிப் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ. இங்கே நாங்கள் ஒரு தப்பு செய்தோம்: நம் வீடுகளில் எல்லா மாத்திரைக்கும் முன்னால் காலையில் ஒரு பான்டோபிரசோல் போட்டுக்கொள்வது பழக்கம், மாமாவும் போட்டுக்கொண்டிருந்தார். வயிற்று அமிலம் குறைந்தால் எர்லோடினிப் சரியாக உடம்பில் சேராது. ஐந்து வாரம் கழித்து, டாக்டர் தற்செயலாக "வேற என்ன மாத்திரை சாப்பிடறாரு" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. பீடி குடித்தாலும் அதே கதை, மருந்து சீக்கிரம் கரைந்து வெளியே போய்விடும். மாமா அதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று, அதுவரை நல்லது.

இன்னும் ஒன்று, ஜீன் டெஸ்ட். நோய் திரும்பியதும் ஒரு லேப் ஆள் போன் செய்து நூற்றுக்கணக்கான ஜீன்களைப் பார்க்கலாம் என்றார். மாமாவுடையது போன்ற ஸ்குவாமஸ் வகையில் அடிக்கடி அகப்படுவது டிபி53, சிடிகேஎன்2ஏ போன்றவை, அவற்றுக்கு மருந்து கிடையாது. கொஞ்சம் பேருக்கு எச்ராஸ் மாற்றம் இருக்கும், அதற்கு டிபிஃபார்னிப் என்ற மருந்தை ட்ரயல்களில் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம். ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் என்றால் கட்டாயம் டெஸ்ட் எடுங்கள். அங்கே ஹெர்2, ஆண் ஹார்மோன் ரிசப்டர், என்டிஆர்கே என்று பிடிக்கக் கைப்பிடிகள் இருக்கின்றன. என்டிஆர்கே இணைவு இருந்தால் லாரோடிரெக்டினிப் மாதிரி மருந்து கட்டியை நன்றாகவே சுருக்கும். டார்கெட்டட் என்ற சொல்லுக்கு முழுசாகத் தகுதியான இடம் தலை, கழுத்தில் அதுதான்.

மாமாவுக்கு இதுவரை ஏழு டோஸ் நிவோலுமாப் போயிருக்கிறது. நாலாவது டோஸுக்கு அப்புறம் எடுத்த ஸ்கேனில் கழுத்துக் கட்டி பாதியாகியிருந்தது, போன ஸ்கேனில் அப்படியே நிற்கிறது. குப்பி 40 மி.கி.யில் வருகிறது, மாமாவுக்கு 20 போதும், திறந்தால் மீதியை வைத்திருக்க முடியாது. அதனால் சங்ககிரியிலிருந்து வரும் ஒரு லாரி டிரைவருக்கும் மாமாவுக்கும் ஒரே நாளில் போடுகிறார்கள், ஆளுக்குப் பாதி, காசும் பாதி. அவர் வந்தால்தான் குப்பியைத் திறப்பார்கள். போன தடவை அவர் வண்டி டோல்கேட்டில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணி வரை வரவில்லை. மாமா வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் ஃபேன் கீழே உட்காரச் சொன்னேன். "இரு மாப்ள, என் பாதி அந்தாள்கிட்ட இருக்குது" என்றார்.